களப்பதிவுகளும் சேமிப்பு வட்டுத் தேர்வும்: தேனி – கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

சின்னமனூர்ச் செப்பேடுகள் தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் தவறாது எடுத்தாளப்படும் சான்றுகள். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரின் பெயரால் வழங்கும் இப்பாண்டியர் செப்பேடுகளுள் பெரிய தொகுதி கி.பி. 10-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. பாண்டியர் குல முன்னோர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அது பெருமையுடன் குறிப்பிடுகிறது. செப்பேட்டின் வாசகம் இன்று படிக்கக் கிடைக்கிறது. அது சுட்டும் தமிழ்ப் பாரதம் இதுவே எனத் துணிந்து காட்டத்தக்க நூல் கையில் இல்லை. நூல் இருந்தது என்னும் செய்தி எஞ்சியது; நூல் எஞ்சவில்லை.

இன்றைய கள ஆய்விலும் இத்தகையதொரு நிலை உருவாகி வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த நெறிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்படுகின்றன. சோத்கங்கா தளத்தில் அவை சேர்கின்றன. எனவே ஆய்வேட்டிற்குப் பாதுகாப்பு உண்டு. அவ்வேட்டின் முதல் இயலில் 'தரவுகள் நேரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டன' என்றொரு தொடர் வரும். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் வரும். அந்த ஒலிப்பதிவு எங்கே உள்ளது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் விடையாவது ஆய்வாளரின் மடிக்கணினி மட்டுமே. அதன் வட்டு பழுதுற்றால், பதிவு செய்யப்பட்டது என்னும் செய்தி நிற்கும், பதிவு நில்லாது.

ஆதலின் மடிக்கணினியில் எவ்வகைச் சேமிப்பு வட்டு இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் விடத்தக்க வினாவாகக் கொள்ளலாகாது. அது ஆய்வு நெறிமுறையின் ஒரு பகுதி. களத்திற்குச் செல்லும் கணினிக்கு ஒருவகை வட்டும், வைத்துக் காக்கும் படிகளுக்கு வேறொருவகை வட்டும் பொருந்தும். இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்த கலப்பு வட்டு இவ்விரு பணிகளுக்கும் பொருந்தாது. எவ்வட்டைத் தேர்ந்தாலும் துறை பொறுப்பேற்காதவரை அத்தேர்வு முழுமை பெறாது என்பனவே இக்கருத்துரை முன்வைக்கும் முடிபுகள்.

களத்தின் இயல்பு

தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 முதல் தனித்து இயங்குகிறது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்றின் நீரால் விளையும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாறு அணை பயன்பாட்டிற்கு வந்தபின் உறுதிப்பட்ட இருபோக நெல் வேளாண்மை 14,707 ஏக்கர் என்னும் கணக்கால் இன்றும் சுட்டப்பெறுகிறது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, பென்னிகுக் பற்றிய வாய்மொழிக் கதைகள், மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளரின் பேச்சு வழக்கு என இந்நிலம் தரும் தரவுகள் பலவகைப்பட்டவை. தமிழோடு இராஜகம்பளத்தாரின் தெலுங்கும், காப்பிலியரின் கன்னடமும், மலையடிவாரப் பளியரின் வழக்கும் அருகருகே ஒலிக்கும் பகுதி இது. ஆனந்த் பாண்டியன் 2009-இல் வெளியிட்ட மானிடவியல் நூல் இப்பள்ளத்தாக்கின் வேளாண் வாழ்வையே களமாகக் கொண்டது.

இத்தரவுகளுள் சில, காலத்தால் மிகவும் குறுகியவை. தமிழக – கேரள எல்லையில், கடல்மட்டத்திற்கு 1,300 மீட்டருக்கு மேல் அமைந்த மங்கலதேவி கண்ணகி கோட்டம் சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே வழிபாட்டிற்குத் திறக்கப்படுகிறது. பளியன்குடியிலிருந்து மக்கள் மலைவழி நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் செல்கின்றனர். அன்று பதிவானதை இழப்பவர் அடுத்த சித்திரை வரை காத்திருத்தல் வேண்டும். அடுத்த சித்திரையில் அதே முதியவர் வருவார் என்பதற்கும், அதே பாடலைப் பாடுவார் என்பதற்கும் உறுதியில்லை. நடவுப் பாட்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இயந்திர நடவு பரவிய வயல்களில் பாட்டிற்குரிய சூழலே மறைகிறது; மறைந்தபின் மறுபதிவு என்பதே இல்லை.

வேண்டப்படும் கொள்ளளவு

வட்டின் வகையை முடிவு செய்யும் முன் அதன் அளவை அறிதல் வேண்டும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுக் கழகம் ஒலிப்பதிவுக்குக் குறைந்த தரமாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதை வகுத்துள்ளது. இத்தரத்தில் சுருக்கப்படாத இருதட ஒலிப்பதிவு மணிக்கு ஏறத்தாழ 1.04 ஜிகாபைட் இடம் கொள்ளும். வினாடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவாகும் முழு உயர்தெளிவுக் காணொளி மணிக்கு 22.5 ஜிகாபைட் கொள்ளும். 24 மெகாபிக்சல் படமொன்றைச் சுருக்கமற்ற டிஃப் கோப்பாக வைத்தால் 72 மெகாபைட். 200 ஏடுகள் கொண்ட ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை இருபுறமும் படமெடுத்தால் 400 படங்கள், அதாவது 28.8 ஜிகாபைட்.

ஓர் ஆய்வாளர் 100 மணி நேர ஒலியும், 40 மணி நேரக் காணொளியும், படமொன்றுக்கு 30 மெகாபைட் வீதம் 5,000 ஒளிப்படங்களும் சேர்ப்பதாகக் கொள்ளின், முறையே 104, 900, 150 ஜிகாபைட் ஆகும். கூட்டுத்தொகை 1.15 டெராபைட்டுக்குச் சற்று மிகுதி. இது நடுத்தரமான கள ஆய்வொன்றின் அளவே.

256 அல்லது 512 ஜிகாபைட் கொண்ட மடிக்கணினியுடன் களமிறங்கும் ஆய்வாளர் இரண்டாம் பருவத்திலேயே இடமின்மையை எதிர்கொள்வார். அவ்வேளையில் எளிதாகத் தோன்றும் வழி, மூலப் பதிவை எம்.பி.3 வடிவிற்குச் சுருக்கி மூலத்தை அழித்துவிடுவது. 128 கிலோபிட் எம்.பி.3 மணிக்கு 57.6 மெகாபைட் மட்டுமே கொள்ளும். மேற்கூறிய தரத்தில் 18-இல் ஒரு பங்கு. பாடலின் சொற்களை எழுதியெடுக்க அது போதும். ஆனால் செவிக்குப் புலப்படாது எனக் கருதும் ஒலிக்கூறுகளை நீக்கியே அவ்வடிவம் சுருங்குகிறது. உயிரொலிகளின் அளவையும் இசையோட்டத்தையும் பிராட் போன்ற மென்பொருளால் அளக்க விரும்பும் மொழியியலாளருக்கு நீக்கப்பட்டவை திரும்பக் கிடையா. வட்டு பழுதாகாமலே தரவு அழியும் வழி இது. இழந்ததை எவரும் இழப்பெனக் கணக்கிடாமையால் இது கூடுதல் தீங்குடையது.

மூவகை வட்டுகள்

ஹார்டு டிஸ்க் எனப் பொதுவழக்கில் வழங்கும் வன்தட்டு 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தால் அறிமுகமானது. காந்தப்பூச்சுடைய தட்டுகள் சுழல, அவற்றின்மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும் முனை எழுதவும் படிக்கவும் செய்யும். மடிக்கணினிகளுக்குரிய வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்பவை. முனை இடம்பெயர்ந்து உரிய பகுதியை அடையச் சில மில்லிவினாடிகள் முதல் பதினைந்து மில்லிவினாடிகள் வரை ஆகும். இயங்கும்போது அதிர்ச்சி நேர்ந்தால் முனை தட்டைத் தீண்டிச் சிதைக்கக்கூடும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா குழுவினர் 1987-இல் அறிவித்த நேண்ட் வகை மின்னணு நினைவகமே இதன் அடிப்படை. நுண்ணிய கலங்களில் அடைபட்ட மின்னூட்டமே இங்குத் தரவு. ஒரு கலத்தில் ஒரு பிட் வைப்பது பழைய முறை. மூன்று, நான்கு பிட்டுகள் வைப்பது இன்றைய மலிவு முறை. கலங்களை அழித்து எழுதுந்தோறும் அவை தேயும். தேய்ந்த கலத்திலிருந்து மின்னூட்டம் விரைந்து கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும்.

இவ்விரண்டையும் இணைத்தது கலப்பு வட்டு. 2010-இல் சீகேட் நிறுவனம் மடிக்கணினிக்கெனக் கொணர்ந்த மொமென்டஸ் எக்ஸ்.டி. இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. 500 ஜிகாபைட் வன்தட்டோடு 4 ஜிகாபைட் நேண்ட் நினைவகம் அதில் இருந்தது. பின்வந்தவற்றில் அது 8 ஜிகாபைட் ஆயிற்று. அடிக்கடி படிக்கப்படும் பகுதிகளை வட்டு தானே கண்டறிந்து அச்சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கணினி விரைந்து தொடங்குவது இதனால் கிட்டும் பயன். புதிய மடிக்கணினிகளில் கலப்பு வட்டு அரிதாகிவிட்டது. பழைய கணினிகளிலும் மறுவிற்பனைக் கடைகளிலும் அது இன்னும் காணக்கிடைப்பதால் அதன் தகுதியையும் ஆராய வேண்டியுள்ளது.

களத்திற்குரியது

களத்திற்குச் செல்லும் மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி.யே ஏற்றது. இதற்குரிய முதற்காரணம் விரைவன்று, அசைவு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். கண்ணகி கோட்டத்திற்குச் செல்லும் காட்டுப் பாதையில் ஜீப் குலுங்காத இடமில்லை. பதிவுக் கருவியின் நினைவட்டையிலுள்ள கோப்புகளை வண்டியிலேயே கணினிக்கு மாற்றும் பழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. வன்தட்டு சுழன்று எழுதிக்கொண்டிருக்கும் அந்நிலையே அதற்கு மிகுந்த இடர் தருவது. எஸ்.எஸ்.டி.க்கு அக்குலுக்கல் பொருட்டன்று.

மலையுயரத்தைப் பற்றிய ஓர் ஐயத்தையும் ஈண்டு நீக்கலாம். மெல்லிய காற்றில் முனை மிதக்க இயலாது என்பதால் பொதுவான வன்தட்டுகளுக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் என்னும் இயக்க எல்லை வகுக்கப்படுகிறது. தேனி மாவட்டத்தின் எவ்வூரும் அவ்வுயரத்தை எட்டவில்லை. எனவே உயரம் இங்குத் தடையன்று. கருதத்தக்கது ஈரமே. குளிர்ந்த மேகமலையிலிருந்து வெம்மையான சமவெளிக்கு இறங்கியதும் குளிர்ந்த கருவியின்மேல் நீர் படியும். எவ்வகை வட்டாயினும் கருவியைப் பைக்குள்ளேயே வைத்துச் சூழலின் வெம்மைக்கு வந்தபின் இயக்குதல் நன்று.

இரண்டாம் காரணம் பணியின் தன்மை. ஈலான் போன்ற மென்பொருளில் காணொளியைச் சிறு சிறு பகுதிகளாக முன்னும் பின்னும் ஓட்டிக் குறிப்பெழுதும்போதும், ஆயிரக்கணக்கான ஏட்டுப் படங்களுள் ஒன்றைத் தேடும்போதும் வட்டு பலவிடங்களில் மாறி மாறிப் படிக்க வேண்டியுள்ளது. வன்தட்டின் முனை அலைந்து திரியும் வேலை இது, எஸ்.எஸ்.டி. இதனை நூறு மடங்குக்கு மேல் விரைந்து செய்யும். மின்தேவை குறைவதால் மின்வசதி குன்றிய மலைக்குடியிருப்புகளில் மின்கலமும் சற்றுக் கூடுதலாக நிற்கும்.

இக்காரணங்களை ஏற்போர் எஸ்.எஸ்.டி.யின் குறைகளையும் அறிந்தே ஏற்றல் வேண்டும். வன்தட்டில் தவறி அழித்த கோப்பைப் பலவேளைகளில் மீட்டெடுக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்னும் கட்டளை, அழித்த கோப்பின் கலங்களைப் பின்னணியில் வெறுமையாக்கிவிடுவதால் மீட்பு பெரும்பாலும் இயலாது. வன்தட்டு பழுதுறுமுன் ஒலியாலோ தாமதத்தாலோ அறிகுறி காட்டுவதுண்டு, எஸ்.எஸ்.டி. அறிகுறியின்றி ஒருநாள் செயலற்றுப்போகலாம். சில மெல்லிய கணினிகளில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பலகை கெட்டால் வட்டைக் கழற்றி வேறொன்றில் பொருத்த வழியில்லை. வட்டு மறையாக்கம் தானே இயங்கும் கணினிகளில் மீட்புக் குறியீட்டை எழுதி வைக்காதவர் தம் தரவிற்குத் தாமே அயலாராவர். எனவே கழற்றத்தக்க எஸ்.எஸ்.டி. உடைய, 1 டெராபைட்டுக்குக் குறையாத கணினியைத் தேர்தலும், மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதித் தனியே வைத்தலும் ஆய்வாளரின் முதற்பணிகள்.

கலப்பு வட்டு களத்திற்கு ஒவ்வாமைக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. அடிக்கடி படிக்கப்படுவதை விரைவுபடுத்துவதே அதன் நோக்கம். களப்பதிவோ பெரிய புதிய கோப்பாக ஒருமுறை எழுதப்பட்டு எப்போதேனும் படிக்கப்படுவது. 22 ஜிகாபைட் காணொளிக்கு 8 ஜிகாபைட் இடைநினைவகம் உதவாது. குலுக்கலுக்கு அஞ்சும் சுழல்தட்டோ அப்படியே இருக்கிறது. வன்தட்டின் இடரை நீக்காமல் எஸ்.எஸ்.டி.யின் பயனைச் சிறிதளவே தருவதாகிய அதனைக் கள ஆய்விற்கெனத் தேடி வாங்க வேண்டுவதில்லை.

புதுக்கணினி வாங்க வசதியில்லாத மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பயன்பெற்று, அக்கணினியிலேயே ஆய்வைத் தொடங்கியோர் உளர். அக்காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலானவை 2.5 அங்குல வன்தட்டு கொண்டவை. அதே அளவுடைய சாட்டா எஸ்.எஸ்.டி.யை அவ்விடத்தில் பொருத்த இயலும். பழைய கணினி புத்துயிர் பெறுவதோடு கழற்றிய வன்தட்டிலுள்ளவை படியெடுக்கவும் கிடைக்கும்.

காப்பிற்குரியது

களத்திற்கு ஏற்றதே காப்பிற்கும் ஏற்றதாகும் என்பது பரவலான பிழைக்கருத்து. மின்னூட்டத்தால் தாங்கப்படும் தரவு, மின்தொடர்பின்றி அலமாரியில் கிடப்பதற்கென அமைந்ததன்று. ஜெடெக் என்னும் தர அமைப்பு, தனியார் பயன்பாட்டிற்குரிய எஸ்.எஸ்.டி. தன் எழுதும் ஆயுளை முடித்தபின் மின்னின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என வரையறுக்கிறது. இது முற்றும் தேய்ந்த வட்டிற்குரிய குறைந்த அளவே. புதிய வட்டு அதனினும் நீண்ட காலம் தாங்கும். எனினும் கோடையில் வெப்பம் 30 பாகையை எளிதில் கடக்கும் சமவெளி ஊரில், மூடிய இரும்பு அலமாரியில், எவரும் தொடாமல் பத்தாண்டு கிடக்கும் எஸ்.எஸ்.டி.யை நம்புதல் அறிவுடைமையாகாது. பென் டிரைவும் நினைவட்டையும் இதே இனத்தன.

காப்புப் படிக்கு வன்தட்டே இன்றும் ஏற்றது. காந்தப்பதிவு மின்தொடர்பின்றி நிற்கும். ஒரே கொள்ளளவிற்கு விலையும் குறைவு. அசையாத இடத்தில் வைக்கப்படுவதால் அதன் தலையாய குறை இங்கு இடர் செய்யாது. எனினும் வன்தட்டும் நிலைபேறுடையதன்று. நெடுநாள் இயங்காதிருப்பின் அதன் பொறிப்பகுதிகள் பழுதுறக்கூடும். ஆண்டுக்கொருமுறை இயக்கிப் பார்த்தலும், ஐந்தாண்டுக்கொருமுறை புதிய வட்டிற்கு மாற்றுதலும் வேண்டும்.

ஏட்டுச்சுவடி மரபை அறிந்தோர்க்கு இது புதிய கருத்தன்று. பனையோலை நிலைத்ததால் சங்க இலக்கியம் பிழைக்கவில்லை. ஓலை அழியுமுன் மற்றோர் ஓலையில் பெயர்த்தெழுதியோர் இருந்தமையால் பிழைத்தது. பெயர்த்தெழுதுவோர் தொடர்ச்சி அறுந்த இடங்களில் இழப்பு நேர்ந்தது. புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்களும் பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடையாமை இதற்குச் சான்று. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல படிகளைத் தேடி ஒப்பிட்டதன் பொருள், ஒரு படியை மட்டும் நம்பலாகாது என்பதே.

ஆனால் ஏட்டைப் பெயர்த்தெழுதுவதற்கும் கோப்பைப் படியெடுப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் நேர்ந்த பிழையைப் பாடவேறுபாடாக அறிஞர் கண்டு திருத்த இயலும். கோப்பில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாது; திறக்கும் நாளில்தான் தெரியவரும். அதனைக் கண்டறிய எஸ்.எச்.ஏ.-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைப் பதிவு செய்த நாளிலேயே கணக்கிட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருப்பினும் எண் வேறுபடும். பழுதற்ற மற்றொரு படியிலிருந்து அக்கோப்பை அப்போதே மீட்கலாம்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஆய்வாளருக்கு வேண்டுவது கலப்பு வட்டன்று, வட்டுகளின் கலப்பே. கணினியினுள் ஓர் எஸ்.எஸ்.டி., வெளியே இரண்டு வன்தட்டுகள். அவ்விரண்டும் ஓரிடத்தில் இருத்தலாகாது. ஒன்று ஆய்வாளரிடமும் மற்றொன்று துறையிலும் இருத்தல் வேண்டும். களத்தில் நினைவட்டையைத் துடைப்பதற்கு முன் இரண்டு படிகள் சரிபார்க்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மாற்றுக் கருத்துகள்

இணையச் சேமிப்பு இருக்க வட்டுகள் எதற்கு என வினவுவோர் உளர். வினாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 1 டெராபைட்டை இடைவிடாது ஏற்றினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். மலையடிவார ஊரில் அவ்விணைப்பும் தொடர்ந்து கிட்டுவதரிது. கட்டணம் நின்றால் கணக்கு நிற்கும். உதவித்தொகை முடிந்த ஆய்வாளரால் அதனைத் தொடர இயலாது. மேலும், சடங்குப் பாடல் ஒன்றைப் பாடிய பளியர் முதியவர், அது அயல்நாட்டு நிறுவனத்தின் கணினியில் தங்குவதற்கு இசைந்தாரா என்னும் வினாவும் எழும். எழுத்துப்படிகள், தகவலாளர் விவரம், சரிபார்ப்பு எண்கள் ஆகிய சிறு கோப்புகளுக்கு இணையச் சேமிப்பு மிகவும் பொருந்தும். மூலப் பதிவுகளுக்கு அது கூடுதல் படியாகலாம், ஒரே படியாகலாகாது.

எஸ்.எஸ்.டி.யின் விலை குறைந்துவருவதால் விரைவில் அனைத்திற்கும் அதுவே போதும் என்பது மற்றொரு கருத்து. 2011-இல் தாய்லாந்தில் நேர்ந்த வெள்ளத்தால் உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியது. விலை ஏறியிறங்கும் தன்மையது. மின்னூட்டம் கசிவது பொருளின் இயல்பு. காப்பு நெறியை விலையின்மேல் கட்டுதல் பொருந்தாது. மின்தொடர்போடு இயங்கி அவ்வப்போது சரிபார்க்கப்படும் சேவையகத்தில் எஸ்.எஸ்.டி. இருப்பதற்குத் தடையில்லை, அலமாரியில் கிடப்பதற்கே அது தகாதது.

இத்தொழில்நுட்பச் செய்திகள் தமிழ்த்துறைக்குரியன அல்ல என்போரும் இருக்கலாம். ஓலையின் பதம், எழுத்தாணியின் கூர்மை, மஞ்சளும் மையும் தடவும் முறை ஆகியன சுவடியியல் பாடத்தில் கற்பிக்கப்படுகின்றன. தரவு தங்கும் பொருளைப் பற்றிய அறிவு அன்று சுவடியியலாயின் இன்றும் அது சுவடியியலே.

துறையின் கடமை

மேற்கூறிய அனைத்தையும் தனியொரு ஆய்வாளர்மேல் சுமத்துதல் நேர்மையன்று. உதவித்தொகை தாமதமாகக் கிடைக்கும் மாணவரிடம் மூன்று வட்டுகளை எதிர்பார்ப்பது, அவர் மூலப் பதிவை அழிக்கத் தூண்டுவதற்கு ஒப்பாகும். பட்டம் பெற்றபின் அவர் வேறு பணிக்குச் செல்வார், வீடு மாறுவார், கணினியை விற்பார். எஞ்சி நிற்கக் கடமைப்பட்டது துறையே.

அயலில் முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982-இல் தொடங்கிய இசையினவரைவியல் ஆவண ஆய்வு மையம், ஆய்வாளர் தம் களப்பதிவுகளை வைப்பாக அளிக்கும் இடமாகச் செயற்பட்டு வருகிறது. சென்னையில் 1994-இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தனியொருவரின் சேகரிப்பும் நிறுவனப் பொறுப்பிற்கு வந்தால் தலைமுறை கடந்து பயன்படும் என்பதைக் காட்டியது. தமிழ்த்துறைகள் இவ்வளவு பெரிய அமைப்புகளை உருவாக்க வேண்டுவதில்லை. நான்கு நடைமுறைகள் போதும்.

முதலாவது, கள ஆய்வை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடுகளுக்கு, வாய்மொழித் தேர்விற்கு முன் மூலப் பதிவுகளையும் அவற்றின் பட்டியலையும் துறையில் ஒப்படைத்தலைக் கட்டாயமாக்குதல். இரண்டாவது, ஆய்வுத் திட்டங்களின் செலவுக் குறிப்பில் பயணப்படியைப் போலவே சேமிப்பு வட்டிற்கும் தனித்தலைப்பு வைத்தல். மூன்றாவது, ஒவ்வொரு பதிவிற்கும் ஊர், வட்டம், நாள், மொழிவழக்கு, பாடியவர் இசைந்த பயன்பாட்டு எல்லை ஆகியவற்றை எழுதி வைத்தல். இசைவில்லாதவற்றைப் பூட்டி வைத்தலும் காப்பின் பகுதியே. நான்காவது, ஆண்டுக்கொருநாளைச் சரிபார்ப்பு நாளாகக் கொண்டு வட்டுகளை இயக்கி, எண்களை ஒப்பிட்டு, முடிவைப் பதிவேட்டில் எழுதுதல். நூலகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் நூலிருப்புச் சரிபார்ப்பிற்கு இது ஒப்பானது.

இவற்றோடு, பாடியவர் குடும்பத்திற்கோ ஊர் நூலகத்திற்கோ கேட்பதற்கு எளிய வடிவில் ஒரு படியை அளித்தலும் தகும். எம்.பி.3 தன் உரிய இடத்தைப் பெறுவது அங்கேதான். மூலத்திற்கு மாற்றாக அன்று, மூலத்தின் நகலாக.

நிறைவுரை

எவ்வட்டு சிறந்தது என்னும் வினாவிற்கு ஒற்றை விடை இல்லை. குலுங்கும் வழியில் எஸ்.எஸ்.டி., அசையா அலமாரியில் வன்தட்டு, கலப்பு வட்டிற்கு இரண்டிடத்தும் இடமின்மை என்பதே தேனிக் களம் காட்டும் விடை. எவ்வட்டும் செப்பேட்டைப் போல் ஆயிரமாண்டு நிற்கப்போவதில்லை. ஐந்தாண்டு நிற்பதைக் கொண்டு ஐந்நூறாண்டு காக்கும் வழி, படியெடுப்போர் அறாமல் இருத்தல் ஒன்றே. சின்னமனூர்ச் செப்பேடு சுட்டும் பாரதத்தைப் படியெடுத்துக் காக்க அக்காலத்தில் யாருக்குப் பொறுப்பிருந்தது என்பது இன்று அறியப்படவில்லை. இப்பள்ளத்தாக்கின் நடவுப் பாட்டிற்கும் கண்ணகி கோட்டத்து வழிபாட்டுப் பாடலுக்கும் அப்பொறுப்பு யாருடையது என்பது தெரிந்ததே. பதிவு செய்யச் சொல்லி மாணவரைக் களத்திற்கு அனுப்பிய துறை, பதிவானதைக் கேட்டு வாங்கி வைக்கவும் கடமைப்பட்டது.